மேலிமை தொங்குகிறது, ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

உறையூர்_டீச்சர் | ஆகஸ்ட் 9, இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். நாலைந்து வருடமாக இரண்டு கண்ணிலும் மேலிமைத் தோல் மடிந்து இமைமுடி மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. இடது கண் இன்னும் கொஞ்சம் சின்னதாகத் தெரியும். கண் மை வைத்தால் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் மேல் மடிப்பெல்லாம் கரியாகிவிடுகிறது. அதனால் மை வைப்பதையே விட்டுவிட்டேன்.

சாயங்காலம் விடைத்தாள் திருத்தும்போது இடது கை விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் மார்க் போடுகிறேன். புருவத்தை உயர்த்தி உயர்த்தி ராத்திரிக்குள் நெற்றி வலி வந்துவிடும். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "மிஸ், உடம்பு சரியில்லையா? தூங்கவே இல்லையா?" என்று கேட்டது. அன்று நன்றாகத் தூங்கி எழுந்துதான் போயிருந்தேன்.

வீட்டில் சொன்னால், "இந்த வயசில் இனிமேல் யாருக்குக் காட்டப் போறே?" என்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்காக மட்டும் கேட்கவில்லை, முகத்துக்காகவும்தான். கண்ணாடியைப் பார்த்தால் என் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி மாத முகம் தெரிகிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டு தலை வார முடியவில்லை.

வலிக்குமா, எத்தனை நாள் லீவு போட வேண்டும், பார்வைக்கு ஆபத்து உண்டா, காட்ட வேண்டியது தோல் டாக்டரிடமா கண் டாக்டரிடமா? கண்ணுக்குக் கீழே பை மாதிரியும் இருக்கிறது. ஒரே தடவையில் அதையும் எடுத்துவிடலாமா?

வைகைக்கரை | ஆகஸ்ட் 9, இரவு 11.40

டீச்சரம்மா, நான் மதுரைப் பக்கம் கண் ஆஸ்பத்திரி தியேட்டரில் 22 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்: உங்களுக்கு இறங்கியிருப்பது எது?

"இமை தொங்குது" என்றுதான் எல்லோரும் வருவார்கள். சிலருக்குத் தோல் மட்டும் தளர்ந்து மடிந்திருக்கும். சிலருக்குத் தோல் சரியாகவே இருக்கும், இமையைத் தூக்குகிற தசையின் பிடிப்பு விலகி இமை ஓரமே கீழே வந்திருக்கும். சிலருக்குப் புருவமே எலும்பு விளிம்பை விட்டு இறங்கி இமையை அமுக்கிக்கொண்டிருக்கும். முதலாவதுக்குத் தோலை எடுக்க வேண்டும். இரண்டாவதுக்குத் தசையை இறுக்க வேண்டும், அங்கே தோலை மட்டும் வெட்டினால் தழும்பு வரும், கண் திறக்காது. மூன்றாவதுக்குப் புருவத்தைப் பார்க்காமல் இமைத் தோலை எடுத்தால் புருவம் இன்னும் கீழே இழுபடும். பலருக்கு இதில் இரண்டு சேர்ந்தே இருக்கும்.

வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கண்ணாடி முன்னால் நேரே பார்த்து உட்காருங்கள். உள்ளங்கையால் நெற்றியை அழுத்தி, புருவம் எழும்பாதபடி பிடியுங்கள். இப்போது இமை எங்கே நிற்கிறதோ அதுதான் அதன் நிஜ இடம். இத்தனை நாள் நெற்றி தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அடுத்து காது பட்ஸால் தொங்குகிற தோலை மட்டும் மெல்ல மேலே ஒதுக்குங்கள். இமைமுடி முளைக்கிற ஓரம் கண்மணியின் நடுவிலிருந்து 4, 5 மி.மீ. மேலே இருந்தால் சாதாரணம். தோலை ஒதுக்கிய பிறகும் ஓரம் கண்மணியைத் தொடுகிற மாதிரி இருந்தால் தசையைச் சந்தேகப்பட வேண்டும். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள், இடது கண் அப்போதே சின்னதா என்று தெரியும்.

முக்கியமான ஒன்று. இமை இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று இறங்கினால், அதோடு தலைவலி, பொருள் இரண்டாகத் தெரிவது, ஒரு கண்மணி மட்டும் பெரிதாக இருப்பது, இதில் எது இருந்தாலும் அழகு டாக்டரைத் தேடாதீர்கள். அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் மட்டும் இறங்குகிறது என்றால் மயஸ்தீனியா என்கிற நரம்பு-தசை நோயையும் பார்க்கச் சொல்லுவார்கள். அதற்கு முதலில் மருந்துதான், இமையில் கத்தி இல்லை.

காட்ட வேண்டியது கண் டாக்டர்களிலேயே இமை, கண்குழிக்கென்று தனிப் பயிற்சி எடுத்தவரிடம். ஆக்குலோபிளாஸ்டி என்று கேளுங்கள். மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. இமை வேலையைத் தொடர்ந்து செய்கிற பிளாஸ்டிக் சர்ஜனும் செய்வார். யாரானாலும் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேஷியல் செய்கிற இடத்தின் பின்னறை ஒருநாளும் வேண்டாம்.

தஞ்சை_பெரியவர் | ஆகஸ்ட் 10, காலை 6.05

அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு 74. எனக்கும் தொங்கத்தான் செய்கிறது. வயது வந்தால் தோல் தளரும், முடி நரைக்கும். ஆண்டவன் கொடுத்த கண்ணில் கை வைக்கும் முன் நூறு தடவை யோசியுங்கள். என் நண்பர் ஒருவர் இமை ஆபரேஷனுக்குப் பிறகு கண் முழுதாக மூடாமல் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டார். அதனால்தான் சொல்கிறேன்.

வைகைக்கரை | ஆகஸ்ட் 10, காலை 9.20

ஐயா சொல்வது நிஜமாக நடக்கிற விஷயம். தோலை அதிகமாக எடுத்தால் அப்படித்தான் ஆகும். புருவத்துக்குக் கீழிருந்து இமைமுடி வரைக்கும் குறைந்தது 20 மி.மீ. தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது பழைய கணக்கு. எங்கள் டாக்டர் பேனாவால் கோடு போட்டு, ஃபோர்செப்ஸால் தோலைக் கிள்ளிப் பிடித்து, கண் மூடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கத்தியைக் கேட்பார். குறைவாக எடுத்தால் பிறகு இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அதிகமாக எடுத்ததைத் திருப்பி வைப்பது ரொம்பச் சிரமம்.

ஆனால் ஐயா, விடைத்தாள் திருத்த விரலால் இமையைத் தூக்கிப் பிடிக்கிற பெண்ணிடம் வயதைச் சொல்லிப் பேசாமல் இரு என்று நான் சொல்ல மாட்டேன். முகத்துக்காகவும் கேட்கிறேன் என்று அவர் சொன்னதிலும் எந்தக் குற்றமும் இல்லை.

கோவை_குமரன் | ஆகஸ்ட் 10, மதியம் 1.30

டீச்சர், எனக்கு 61 வயதில் இரண்டு மேலிமையும் செய்தார்கள். இரண்டு வருஷம் ஆகிறது. தோல் மட்டும்தான். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

மயக்கம் கொடுக்கவில்லை. இமையிலேயே மரப்பு ஊசி. அந்த ஊசிதான் வலி. ஒவ்வொரு கண்ணுக்கும் அரை நிமிஷம் மிளகாய் பட்ட மாதிரி எரிந்து கண்ணீர் வழிந்தது. அதற்குப் பிறகு வலி இல்லை, ஆனால் எல்லாம் தெரியும். தோலை இழுப்பது தெரியும், கத்தரி சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்கும். ரத்தம் நிற்கச் சூடு வைக்கும்போது முடி கருகுகிற வாடை வரும். இதை யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை, பயந்துவிட்டேன். நடுவில் "கண்ணைத் திறங்க, மூடுங்க" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு மணி நேரத்தில் முடிந்தது, அன்று மாலையே வீடு.

மூன்றாம் நாள்தான் மோசம். கண் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். இரண்டு வாரத்தில் வெளியே போக ஆரம்பித்தேன். இமைமுடி ஓரம் இரண்டு மாதம் மரத்தே இருந்தது, முகம் துடைக்கும்போது வேறு யாருடைய இமையையோ தொடுகிற மாதிரி.

எனக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதால், ரத்தம் இளக்கும் ஈகோஸ்ப்ரின் மாத்திரை சாப்பிடுகிறேன். அதை நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதை இதய டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகுதான் தேதியே குறித்தார்கள்.

வைகைக்கரை | ஆகஸ்ட் 10, மதியம் 2.10

குமரன் தம்பி கடைசியில் சொன்னதை எல்லோரும் இன்னொரு முறை படியுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் மறைக்கவும் கூடாது. மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை என்று சத்துக்காகச் சாப்பிடுகிறதையும் சொல்லிவிடுங்கள். பி.பி. கட்டுக்குள் இருக்க வேண்டும்.

பார்வைக்கு ஆபத்தா என்று கேட்டீர்களே. மிக அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டி நரம்பை அழுத்தும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில். ஒரு கண்ணில் மட்டும் தாங்க முடியாத வலி, கண் முன்னே பிதுங்குவது, பார்வை மங்குவது. இப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். அதனால் முதல் ராத்திரி தனியாக இருக்காதீர்கள். டாக்டரின் இரவு நேர ஃபோன் நம்பரைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

அடையாறு_அனு | ஆகஸ்ட் 11, இரவு 8.50

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் அக்கா. எனக்கு 27 வயது. கண்ணுக்குக் கீழே கருவளையம். ஒரு கிளினிக்கில் கீழிமை ஆபரேஷன் செய்தால் போய்விடும் என்று சொல்லி அட்வான்ஸும் கேட்டார்கள். பத்து நிமிஷம் கூடப் பார்க்கவில்லை. கட்டலாமா?

வைகைக்கரை | ஆகஸ்ட் 11, இரவு 9.35

கட்டாதேம்மா. தோலின் நிறமே கருப்பாக இருந்தால் ஆபரேஷனால் மாறாது. நம் ஊரில் கருவளையம் பெரும்பாலும் நிறம்தான், வம்சவழியாகவும் வரும். விரலால் அந்தத் தோலை லேசாகக் கன்னத்துப் பக்கம் இழுத்துப் பார். கருப்பும் கூடவே நகர்ந்தால் அது தோலின் நிறம். மேலே விளக்கு வெளிச்சம் இருக்கும்போது மட்டும் கருப்பாகத் தெரிந்து, டார்ச்சை நேராக அடித்தால் மறைந்தால் அது பள்ளத்தின் நிழல். கீழிமை ஆபரேஷன் கொழுப்புப் பைக்கும் தளர்ந்த தோலுக்கும்தான்.

ஜூரோங்_செல்வி | ஆகஸ்ட் 12, காலை 7.45

கீழிமை பற்றி நானும் சொல்ல வேண்டும். எங்கள் சின்னம்மாவுக்கு ஐந்து வருஷத்துக்கு முன் கீழ்ப் பையை எடுத்தார்கள். எந்த ஊர், எந்த இடம் என்பது வேண்டாம். வெளியே இமைமுடிக்குக் கீழே வெட்டித் தோலும் எடுத்தார்கள். ஆறு வாரத்தில் வலது கீழிமை வெளிப்பக்கமாகத் திரும்பி உள்சிவப்பு தெரிய ஆரம்பித்தது. எப்போதும் கண்ணீர். சாப்பிடும்போது கூட ஒரு கைக்குட்டை மடியில் இருக்கும். மாதக்கணக்கில் இமையை மேலே தள்ளி மசாஜ், டேப் என்று பார்த்துவிட்டு, கடைசியில் இன்னொரு டாக்டர் இமையின் வெளிமூலையை இறுக்கிச் சரிசெய்தார். இமை ஏற்கனவே தளர்வாக இருக்கிறதா என்று முதல் டாக்டர் இழுத்துக்கூடப் பார்க்கவில்லை என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்லி அழுவார்.

இரண்டாவது டாக்டர் சொன்னது: கொழுப்பு மட்டும் பிதுங்கியிருந்தால் இமையின் உள்பக்கமாகவே எடுக்கலாம், வெளியே தழும்பு இல்லை, இமை திரும்பும் பயமும் குறைவு.

இன்னொரு விஷயம். இங்கே சிங்கப்பூரில் என்னுடன் வேலை செய்யும் சீனப் பெண்கள் செய்துகொள்வது வேறு. இமையில் மடிப்பே இல்லாதவர்களுக்கு மடிப்பு உண்டாக்குகிற ஆபரேஷன் அது. ஜப்பானில் 1896லேயே மிகாமோ என்ற டாக்டர் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த வீடியோக்களைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். டீச்சர் கேட்பது இருக்கிற மடிப்பைத் திரும்ப வெளியே கொண்டுவருவது.

உறையூர்_டீச்சர் | ஆகஸ்ட் 30, மாலை 6.20

டாக்டரிடம் போய் வந்துவிட்டேன். நீங்கள் சொன்னபடி இமைக்கென்று பயிற்சி எடுத்த கண் டாக்டர். ஒன்றரை மணி நேரம் பார்த்தார்.

கட்டைவிரலால் என் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சின்ன ஸ்கேலை வைத்து, கீழே பார், மேலே பார் என்று இமை எவ்வளவு நகர்கிறது என்று அளந்தார். டார்ச் அடித்து, கண்மணியில் தெரியும் வெளிச்சப் புள்ளியிலிருந்து இமை ஓரம் வரை அளந்தார். வலது 4 மி.மீ., இடது 2 மி.மீ. அதாவது எனக்கு இரண்டு கண்ணிலும் தோல் தளர்ந்திருக்கிறது, இடது கண்ணில் அதற்கு அடியில் தசையும் இறங்கியிருக்கிறது. அக்கா, ஆல்பத்தையும் பார்த்தேன். தாலி கட்டும் படத்திலேயே இடது கண் ஒரு பொடி சின்னதுதான்.

எனக்கு வியப்பாக இருந்தது அடுத்த சோதனை. பி.பி. பார்த்துவிட்டு இடது கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். பத்து நிமிஷத்தில் கண்ணாடியைக் கொடுத்தார்கள். இடது இமை ஏறியிருந்தது, சரி. ஆனால் நன்றாக இருந்த வலது இமை கொஞ்சம் இறங்கியிருந்தது! இரண்டு இமைக்கும் மூளையிலிருந்து ஒரே அளவு கட்டளைதான் போகுமாம். இடது இமையைத் தூக்க மூளை கூடுதலாக முயற்சி செய்ததில் வலதும் சேர்ந்து தூக்கப்பட்டிருந்தது. இடதைச் சரி செய்ததும் அந்தக் கூடுதல் முயற்சி நின்றுபோகிறது. இதைப் பார்க்காமல் இடதை மட்டும் தூக்கியிருந்தால், "ஒண்ணைச் சரிபண்ணி இன்னொண்ணைக் கெடுத்துட்டாங்க" என்று நானே சொல்லியிருப்பேன். கணக்கு டீச்சருக்கு இந்தச் சமன்பாடு உடனே புரிந்துவிட்டது.

கீழிமைக்குள் காகிதப் பட்டை வைத்து ஐந்து நிமிஷம் கண்ணீர் எவ்வளவு நனைக்கிறது என்று பார்த்தார்கள். வலது 12 மி.மீ., இடது 9. 10க்குக் கீழே போனால் கண் வறட்சியைக் கவனிக்க வேண்டுமாம். அதனால் ஒரு மாதம் செயற்கைக் கண்ணீர் சொட்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றதும் ரத்தப் பரிசோதனையும் எழுதினார். தைராய்டால் கண் பாதித்திருந்தால் அது அடங்கி ஆறு மாதமாவது நிலையாக இருந்த பிறகுதான் இமையைத் தொடுவார்களாம். எனக்கு அப்படி இல்லை.

கீழ்ப் பையைப் பற்றிக் கேட்டேன். "இப்போது வேண்டாம், மேலே சரியானால் உங்களுக்கு அது பெரிதாகத் தெரியாது" என்றார். ஒரு வேலையைக் குறைத்துச் சொன்ன டாக்டர் மேல் நம்பிக்கை வந்தது.

கோவை_குமரன் | ஆகஸ்ட் 30, இரவு 7.00

நல்லது டீச்சர். பணம், இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டீர்களா? எனக்கு அழகுக்கான சர்ஜரி என்று பில் போட்டு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் சேர்த்தார்கள்.

உறையூர்_டீச்சர் | ஆகஸ்ட் 31, காலை 5.50

கேட்டேன் சார். அழகுக்காக என்றால் பாலிசியில் கிடையாது. தோலை டேப் ஒட்டித் தூக்கி ஒரு தடவை, ஒட்டாமல் ஒரு தடவை பார்வைப் பரப்புச் சோதனை எடுத்து, ஃபோட்டோவோடு முன் அனுமதிக்கு அனுப்பினார்கள். இடது கண் தசை வேலைக்கு மட்டும் அனுமதி வந்திருக்கிறது. தோல் வேலை என் கைப்பணம். எது எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்டேன்.

காலாண்டு விடுமுறையில் தேதி வாங்கியிருக்கிறேன்.

உறையூர்_டீச்சர் | அக்டோபர் 2, மதியம் 3.40

இன்று மூன்றாம் நாள். பெண்ணிடம் சொல்லிச் சொல்லித் தட்டச்சு செய்கிறேன்.

குமரன் சார் ஊசி பற்றியும் வாடை பற்றியும் சொல்லியிருந்ததால் பயம் வரவில்லை, ரொம்ப நன்றி. தசை வேலையின்போது இரண்டு தடவை என்னை உட்கார வைத்து, நேரே சுவரைப் பார்க்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்த்தார்கள். முகமெல்லாம் துணி, கால் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு நர்ஸ் என் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு நாள் ஐஸ் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியை மணிக்கு ஒரு முறை பத்து நிமிஷம் வைத்தோம். இரண்டு தலையணை. குனியக் கூடாது என்றதால் கோலம், துணி அலசல் எல்லாம் என் பெண் பார்த்துக்கொள்கிறாள். தாளிக்கிற புகை பட்டால் கண் எரிகிறது, அடுப்படிப் பக்கமே போவதில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆயின்ட்மென்ட் போட்டால் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்க்கிற மாதிரி மங்கல்.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. ராத்திரி தூங்கும்போது இடது கண் ஒரு கீற்று திறந்தே இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பயந்துபோய் எழுப்பினார். தஞ்சைப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்து அழுதுவிட்டேன்.

வைகைக்கரை | அக்டோபர் 2, மதியம் 3.58

அழாதீங்கம்மா. வீக்கம் இருக்கும்வரை, அதுவும் தசையை இறுக்கிய கண்ணில், ஒன்றிரண்டு மி.மீ. மூடாமல் இருப்பது சகஜம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் சரியாகும். படுக்கும்போது ஆயின்ட்மென்ட் தாராளமாகப் போடுங்கள், பகலில் சொட்டு மருந்தை விடாதீர்கள். கருவிழி காய்ந்துவிடக் கூடாது, அதுதான் கவலை. உறுத்தல், வெளிச்சம் பார்க்க முடியாமை, பார்வை மங்கல் இருந்தால் தையல் பிரிக்கும் நாள்வரை இருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். எப்படியும் இன்றைக்கே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அவர்கள் குறித்து வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. இத்தனை வருஷம் புருவத்தைத் தூக்கியே பழகிய நெற்றி இனிமேல்தான் ஓய்வெடுக்கும். புருவம் கொஞ்சம் இறங்கி, "நினைத்த அளவு திறக்கவில்லையே" என்று தோன்றும். பயப்பட வேண்டாம். கண் வடிவம் நிலைக்க மூன்று மாதமாவது வேண்டும்.

உறையூர்_டீச்சர் | அக்டோபர் 6, இரவு 9.10

ஏழாம் நாளான இன்று தையல் பிரித்தாயிற்று. எறும்பு கடிக்கிற அளவு வலிதான். கன்றல் மஞ்சளாகிக் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, இன்னும் நான்கு நாள் லீவு நீட்டியிருக்கிறேன். காலாண்டு விடுமுறைக்குள் முடிந்துவிடும் என்று போட்ட கணக்குதான் தப்பு. இரண்டு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

உறையூர்_டீச்சர் | டிசம்பர் 27, மாலை 4.30

மூன்று மாதம் ஆகப் போகிறது. இடது கண் இரவில் இப்போது முழுதாக மூடுகிறது, ஐந்தாவது வாரத்தில் சரியானது. வலது இடது இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இல்லை, அரை மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. எனக்கும் டாக்டருக்கும்தான் அது தெரியும். தழும்பு மடிப்புக்குள் போய்விட்டது, கண்ணை மூடினால் வெளிமூலையில் மட்டும் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. சில நாள் அரிக்கிறது. வறட்சிக்குச் சொட்டு மருந்து இன்னும் நாளுக்கு மூன்று தடவை. புருவம் திரெடிங் செய்ய ஆறு வாரம் பொறுத்தேன்.

அரையாண்டு விடைத்தாள் இரண்டு கட்டு திருத்தினேன். இடது கை தாளைப் பிடித்துக்கொண்டிருந்தது. மை வைக்க டாக்டர் அனுமதித்துவிட்டார். வகுப்பில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "மிஸ், கண்ணாடி மாத்திட்டீங்களா?" என்று ஒரே ஒருத்தி கேட்டாள்.

பல்லாவரம்_பாபு | டிசம்பர் 28, காலை 10.05

வணக்கம் மேடம், முழுதாகப் படித்தேன். என் அம்மாவுக்கு 71, சுகர் இருக்கிறது. அவருக்கும் இமை தொங்கி டிவி பார்க்கத் தலையை அண்ணாந்துகொள்கிறார். எங்கே ஆரம்பிப்பது?

உறையூர்_டீச்சர் | டிசம்பர் 28, காலை 11.30

தம்பி, தலையை எப்போதிருந்து அண்ணாந்து பார்க்கிறார், சமீபத்தில் திடீரென்று ஆரம்பித்ததா என்று முதலில் கேளுங்கள். திடீரென்று என்றால் இன்றே கூட்டிக்கொண்டு போங்கள். வருஷக்கணக்காக என்றால் சுகர் ரிப்போர்ட், சாப்பிடும் மாத்திரைப் பட்டியல், பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய ஃபோட்டோ ஒன்று, இவற்றை எடுத்து வையுங்கள். அப்புறம் நாளைக் காலை ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவை உட்கார வைத்து வைகைக்கரை அக்கா மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். நெற்றியை அம்மாவே பிடித்தால் கை தானாக மேலே போய்விடும், எனக்கு அப்படித்தான் ஆனது. நீங்கள் பிடியுங்கள்.